காய்ச்சலுக்கு எந்த வரிசை?

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரும்படி நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டபோது, ‘எதிர்கால உலகில் ரோபோக்கள்’ என்று எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வருஷ மலரைப் புரட்டிப் பார்த்தால் அதே தலைப்பில் இரண்டு கட்டுரைகள் இருந்தன. ஆகவே அதை விட்டுவிட்டேன். எங்கள் தெருவில் நான் நேரில் பார்த்த ஒரு விஷயத்தையும், அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். தலைப்பைப் பார்த்து யாருக்காவது சிரிப்பு வந்தால், சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

எங்கள் தெரு அக்கா

என் அப்பா காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர். அம்மா மீன் விற்கிறார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அதனால் தெருவில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும், பேங்க் சலான் முதல் ரேஷன் கார்டு வரை, என் கைக்குத்தான் வரும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். திருநங்கை. சாயந்திரமானால் இட்லிக் கடை போடுவார். மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக்குக் கடனுக்கு இட்லி வருவது அங்கிருந்துதான். “எழுதிக்கோ தம்பி, ஆனா பேரு மட்டும் வோணாம்” என்று அவரே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு தடவை அவருக்கு நாலு நாளாகக் காய்ச்சல். சிறுநீர் போகும்போது எரிச்சல். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கடையை நடத்திக்கொண்டிருந்தார். அம்மா திட்டி, ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அங்கே ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை என்று இரண்டு. பெண்கள் வரிசையில் போய் நின்றார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துத் தள்ளி நின்றார்கள். “அந்த லைனுக்குப் போ” என்று ஒரு குரல். ஆண்கள் வரிசைக்குப் போனால் அங்கே சிரிப்பு, இடுப்பில் ஒரு இடி. எப்படியோ ஜன்னல் வரைக்கும் போய்விட்டார். உள்ளே இருந்தவர் கார்டைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி அவருடைய பழைய ஆண் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு, “இது யாரு? நீயா?” என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. சீட்டு வாங்காமலே திரும்பி வந்துவிட்டார்.

இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு நடுக்கம். பல் கிட்டிக்கொண்டது. நானும் அம்மாவும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ராத்திரி நேரத்தில் வரிசை இல்லை. ஆனால் வார்டு இருக்கிறதே! ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்று முடிவாகாமல் விடியும்வரை வராந்தாவில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னாடா இது, ஜொரத்துல ஆம்பள ஜொரம் பொம்பள ஜொரம்னு இருக்குதா?” என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

காலையில் ட்யூட்டி மாறி வந்த ஒரு சிஸ்டர்தான், பெண்கள் வார்டில் ஓரமாக ஒரு கட்டில் பார்த்துக் கொடுத்தார். சிறுநீர்ப் பாதையில் வந்த தொற்று கிட்னி வரைக்கும் ஏறிவிட்டது என்றார் டாக்டர். “நாலு நாள் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலேயே போயிருக்கும்” என்றும் சொன்னார். ஆறு நாள் டிரிப்ஸ் ஏறியது.

முன்னாடியே அவர் வராமல் இல்லை நண்பர்களே. வந்து, திரும்பிப் போனார்.

பிரேக்டவுன் மெயின்டெனன்ஸ்

நாமெல்லாம் பராமரிப்புப் பாடத்தில் இரண்டு வகை படித்திருக்கிறோம். பேரிங்கில் சத்தம் வந்த உடனே பார்த்து, கிரீஸ் வைப்பது அல்லது மாற்றுவது ஒரு வகை. மெஷின் நின்ற பிறகு, ஷாஃப்டும் போன பிறகு கழற்றுவது இன்னொரு வகை. இரண்டாவதில் செலவு பல மடங்கு. சில சமயம் மெஷினே திரும்பக் கிடைக்காது. இது நமக்குப் பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. மனிதர்களில் ஒரு பகுதியினர் உடம்புக்கு எப்போதும் இந்த இரண்டாவது வகைப் பராமரிப்புதான் கிடைக்கிறது.

காரணம் எளிது. ஜன்னலில் என்ன கேட்பார்கள் என்ற பயம், வலியைவிடப் பெரிதாக இருக்கிறது. எனவே வலி அந்தப் பயத்தைத் தாண்டும்வரை ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அக்காவுக்கு அந்த நோய் வந்ததற்கும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு. வெளியே போனால் ஆண்கள் கழிப்பறைக்கும் போக முடியாது, பெண்கள் கழிப்பறைக்கும் போக முடியாது. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார், சிறுநீரை அடக்கிக்கொள்வார். இப்படிச் செய்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமி தங்கிப் பெருக வழி ஏற்படுகிறது. டிரெயினிங் போன கம்பெனியில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாமல் கஷ்டப்பட்ட நம் வகுப்புத் தோழிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஒரு அதிகாரமே எழுதியிருக்கிறார். அது 95-ஆவது அதிகாரம். அதன் கடைசிக் குறளில், மருத்துவம் என்பது நான்கு பேர் சேர்ந்த காரியம் என்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து மருந்தைக் கொடுத்துப் பார்த்துக்கொள்பவர். நாற்காலியின் நாலு கால் மாதிரி. ஒரு கால் ஆடினாலும் உட்கார முடியாது. இந்த நான்கையும் வரிசையாகப் பார்ப்போம்.

1. நோயாளி

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக வேண்டும். நம் பேச்சில் எல்லோரையும் ஒரே கெட்ட வார்த்தையில் போட்டு அடித்துவிடுகிறோம்.

பிறக்கும்போது ஆண் என்று எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டு, தன்னை ஆணாக உணர்ந்து வாழ்பவர் திருநம்பி. உடலமைப்பிலேயே ஆண் பெண் இரண்டிலும் முழுதாக அடங்காமல் பிறப்பவர் ஊடுபால் மனிதர். ஆணுக்கு ஆண்மீதும் பெண்ணுக்குப் பெண்மீதும் காதல் வருவது தன்பால் ஈர்ப்பு. இருவர்மீதும் வருவது இருபால் ஈர்ப்பு. இவை எல்லாம் வேறு வேறு. ஒன்று தன்னை யாராக உணர்கிறோம் என்பது. இன்னொன்று யாரை விரும்புகிறோம் என்பது. மற்றொன்று உடலின் அமைப்பு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத ‘மற்றவர்’ என்று இந்தியாவில் பதிவானவர்கள் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364 பேர். வெளியே சொல்லாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. தன்பால் ஈர்ப்புள்ளவர்களை யாரும் எண்ணவே இல்லை. அவர்கள் நம் வகுப்பிலும், நம் ஹாஸ்டலிலும், நம் வீட்டிலும் இருக்கலாம்.

இதெல்லாம் ஒரு நோய்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நோய் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. திருநங்கை, திருநம்பியாக இருப்பது மனநோய் அல்ல என்று அதே நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட புதிய நோய்ப் பட்டியலில் மாற்றி எழுதியது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-இல் தன்பால் ஈர்ப்பு நோயல்ல என்று அறிவித்தது.

நோய் என்ற முத்திரை போனாலும் குற்றம் என்ற முத்திரை நம் நாட்டில் நெடுநாள் இருந்தது. வெள்ளைக்காரர்கள் 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு தன்பால் உறவைக் குற்றமாக்கியது. டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. அப்புறம் எப்படிச் சொல்வார்கள்? 2001-இல் அந்தப் பிரிவை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போன நாஸ் ஃபவுண்டேஷன், எய்ட்ஸ் தடுப்பு வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனம். இந்தச் சட்டம் இருக்கும்வரை நோய்த் தடுப்பு வேலை செய்ய முடியவில்லை என்பதே அவர்கள் வாதம். அதாவது அந்தப் பெரிய வழக்கு ஒரு மருத்துவப் பிரச்சினையிலிருந்துதான் கிளம்பியது. 2009-இல் டெல்லி நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகச் சொன்னது. 2013-இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வயதுவந்த இருவர் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளும் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது.

2. மருத்துவர்

டாக்டர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர்களும் நம்மைப் போலத்தான். புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதைப் படித்துப் பாஸ் செய்தவர்கள். புத்தகமே தப்பாக இருந்தால்?

இதற்குச் சமீபத்திய உதாரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதில் பெண்களின் தன்பால் உறவை, இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்கள் வரிசையில் வைத்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பர் முதல் வாரத்திலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்து ஆறு வருஷம் கழித்தும் இந்த நிலை.

இதிலிருந்து பிழைப்பு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ரயில்வே ஸ்டேஷன் சுவரில் ‘இளமையில் செய்த தவறா?’ என்று போஸ்டர் பார்த்திருப்பீர்கள். மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்ப்பவர்கள். அவர்களிடம் மகனைக் கூட்டிப் போய், ‘இவனை மாத்திக் கொடுங்க’ என்று கேட்கும் பெற்றோர் உண்டு. லாட்ஜ் வைத்தியர் மட்டுமல்ல, பட்டம் பெற்ற சிலரும் மாத்திரை, ஷாக் என்று இறங்கியிருக்கிறார்கள். இதற்கு ‘மாற்று சிகிச்சை’ என்று பெயர் சொல்கிறார்கள். நோயே இல்லாதபோது சிகிச்சை ஏது? இதனால் யாரும் மாறியதில்லை. மனம் உடைந்து போனவர்கள்தான் உண்டு.

இதற்குத் தடை போட்டது நம் சென்னை உயர்நீதிமன்றம். மதுரையிலிருந்து வீட்டாருக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வழக்குப் போட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகத் தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிறகு 2021 ஜூன் 7 அன்று வழங்கிய உத்தரவில், பால் ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று செய்யும் சிகிச்சைகளைத் தடை செய்யச் சொன்னார். அதன் தொடர்ச்சியாக 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் செய்வது மருத்துவர்க்கான ஒழுக்க விதிகளை மீறுவது என்று எல்லா மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கும் எழுதியது. ஒரு உயர்நீதிமன்ற நீதிபதியே ‘எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கள்’ என்று கேட்டிருக்கிறார். நமக்கு என்ன வெட்கம்?

நல்ல முன்மாதிரியான மருத்துவர்களும் சென்னையில் இருந்திருக்கிறார்கள். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. எல்லோரும் தொடப் பயந்த காலத்தில் 1993-இல் அவர் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கி, வந்தவர்களை உட்காரவைத்துப் பேசி சிகிச்சை கொடுத்தார். 2015-இல் மறைந்தார். 1998-இல் சுனில் மேனன் சென்னையில் ‘சகோதரன்’ அமைப்பைத் தொடங்கினார். டாக்டரிடம் போகப் பயந்தவர்களுக்கு அங்கே முதலில் பேச ஒரு இடம் கிடைத்தது.

எய்ட்ஸ் பயம் என்றால் என்ன என்று நம் பகுதிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மாமா துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். ‘லாரி டிரைவர்’ என்று சொன்னதாலேயே அவருக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள் என்று ஆயா இன்றும் சொல்லும். ஒரு கூட்டத்தின் மேல் மொத்தமாகச் சந்தேகம் விழுந்தால், அந்தக் கூட்டத்தில் நோய் இல்லாதவனும் தலைகுனிய வேண்டியிருக்கிறது. நோய் உள்ளவன் ஒளிந்துகொள்கிறான். நோய்க்கு அதுதான் வேண்டும்.

3. மருந்து

இந்தக் காலில் தமிழ்நாடு கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் திருநங்கைகள் அறுவை சிகிச்சைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களுக்குள்ளேயே மூத்த ஒருவர் கையால், மயக்க மருந்து இல்லாமல் செய்துகொண்டார்கள். கொஞ்சம் பணம் சேர்ந்தவர்கள் வெளியூரில் வசதியில்லாத சின்ன கிளினிக்குகளைத் தேடிப் போனார்கள். ரத்தம் நிற்காமல் இறந்தவர்கள் உண்டு. பிழைத்தவர்களுக்கும் சிறுநீர்ப் பாதை சுருங்கிப்போய் ஆயுள் முழுக்க அவதி. இந்த வேதனையைத் திருநங்கைகளே தங்கள் சுயசரிதைகளில் எழுதியிருக்கிறார்கள். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ அதில் ஒன்று. கிடைத்தால் படியுங்கள்.

2008-இல் தமிழ்நாடு அரசு இந்தியாவிலேயே முதன்முறையாக இவர்களுக்கென்று நல வாரியம் அமைத்தது. அதன் பிறகு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை ஆகிய இடங்களில் அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்யப்பட்டது. ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இவர்களுக்கென்று தனி கிளினிக்கும் வந்தது. மனநல மருத்துவர், ஹார்மோன் மருத்துவர், அறுவை சிகிச்சை மருத்துவர் என்று பலரையும் ஒரே இடத்தில் பார்க்க முடிவது இதன் நன்மை. 2022-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சைகள் சேர்க்கப்பட்டன.

இன்னும் ஒன்று. ஊடுபாலாகப் பிறக்கும் குழந்தைக்கு, பெரியவர்கள் அவசரப்பட்டு ‘ஆணாக்கிவிடுங்கள், பெண்ணாக்கிவிடுங்கள்’ என்று அறுவை சிகிச்சை செய்துவிடுவது வழக்கம். பின்னால் அந்தப் பிள்ளை வளர்ந்து, ‘என் உடம்பை யாரைக் கேட்டு வெட்டினீர்கள்?’ என்று கேட்டால் பதில் இல்லை. 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இதை நிறுத்தச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை கூடாது என்று தமிழக அரசு ஆணை போட்டது. இதிலும் இந்தியாவில் நாம்தான் முதல்.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதலில் தொடங்கிய இடங்களில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. திருவொற்றியூரில் ரயில் ஏறி பீச்சில் மாறிப் போனவர்கள் எத்தனை பேர்! மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் மற்றவர்களைப் போல நெடுநாள் வாழலாம். 2017-இல் இயற்றி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதம் இல்லாமல் இந்தப் பரிசோதனை செய்யக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. தொற்று இருக்கிறது என்று சிகிச்சையை மறுக்கவும் கூடாது.

ஆனால் மருந்து இருந்தும் ஜன்னலைத் தாண்ட முடியாதவர்கள் தாங்களே வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள். ஹார்மோனுக்காக, கடையில் கிடைக்கும் கருத்தடை மாத்திரைகளை யாரோ சொன்ன கணக்கில் போட்டுக்கொள்வது அதில் ஒன்று. ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம், கல்லீரலும் கெடலாம். ரத்தப் பரிசோதனை செய்து, அளவு பார்த்து, டாக்டர் எழுதித் தரவேண்டிய மருந்து அது. கேஜ் இல்லாமல் பாய்லர் ஓட்டினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்.

4. பக்கத்தில் இருப்பவர்

இந்த நாலாவது காலைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் ‘கூட யாரு வந்திருக்கா?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் எதுவும் நகராது. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, ரத்தம் எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓட, வெளியே மருந்து வாங்க, ராத்திரி டிரிப்ஸ் தீர்ந்தால் சிஸ்டரைக் கூப்பிட, ஒரு ஆள் வேண்டும். மற்றவர்களுக்கு அம்மா, அண்ணன், மனைவி வருவார்கள். இவர்களில் பெரும்பாலோர் பதினாலு, பதினைந்து வயதிலேயே வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள். அல்லது வீட்டில் சொல்லவே முடியாமல் வாழ்பவர்கள். பத்து வருஷம் ஒன்றாக வாழ்ந்த துணையாக இருந்தாலும், ‘நீ யாரு? ரத்த சொந்தமா?’ என்று கேட்டால் வெளியே போகத்தான் வேண்டும்.

சட்டமும் இந்த இடத்தில் மெதுவாகத்தான் நடக்கிறது. 2023 அக்டோபர் 17 அன்று உச்சநீதிமன்றம் தன்பால் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. ஆனால் அவர்களுடைய அன்றாடக் கஷ்டங்களைக் கவனிக்க ஒரு குழு அமைக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் எழுதியது. நெருங்கிய உறவினர் இல்லாதபோது, இறந்தவரின் உடலை அவருடைய துணைவர் பெற்றுக்கொள்ள வழி செய்யுங்கள் என்றது அது. யோசித்துப் பாருங்கள் நண்பர்களே, செத்த பிறகு உடலை வாங்குவதற்கே ஒரு கடிதம் தேவைப்பட்டிருக்கிறது! 2025 மே மாதம் நம் உயர்நீதிமன்றம் வேறொரு வழக்கில், திருமணம் மட்டுமே குடும்பம் ஆவதற்கான வழி அல்ல, ஒருவர் தாமே தேர்ந்துகொண்டவர்களும் குடும்பம்தான் என்று சொல்லியிருக்கிறது.

எங்கள் அக்காவுக்கு அன்றைக்குக் கூட இருந்தது யார்? மீன் நாற்றம் போகாத புடவையோடு என் அம்மா. அப்புறம் நான். நான் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. அட்மிஷன் படிவம் இங்கிலீஷில் இருந்தது, நிரப்பினேன். உறவு என்ற இடத்தில் ‘தம்பி’ என்று எழுதினேன். பேர் என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று அக்காவைக் கேட்டேன். அவர் தன் பேரைச் சொன்னார். நல வாரிய அட்டையில் அந்தப் பேர் இருந்ததால் அதையே எழுதச் சொல்லிக் கேட்டேன். சிஸ்டர் சரி என்றார். ‘ஆறு நாளும் என்னை அந்தப் பேர்ல கூப்ட்டாங்க தம்பி, பாதி ஜொரம் அதுலயே போச்சு’ என்று அக்கா பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை

படிவம் நிரப்பத் தெரிந்தவன் இதையும் தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது.

2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம் நல்சா வழக்கில், மூன்றாம் பாலினத்தவருக்கு மருத்துவமனைகளில் உரிய சிகிச்சையும் தனிக் கழிப்பறைகளும் செய்து தருவது மத்திய, மாநில அரசுகளின் கடமை என்று சொன்னது. 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை, ஆலோசனை, காப்பீடு, மருத்துவப் பாடத்திட்டத்தைத் திருத்துவது ஆகியவற்றை அரசின் பொறுப்பில் வைத்தது. 2017 மனநலச் சட்டம், பால், பாலினம், பால் ஈர்ப்பு எதை வைத்தும் மனநல சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆகவே ஜன்னலில் நாம் சலுகை கேட்கவில்லை. சட்டத்தில் இருப்பதைத்தான் கேட்கிறோம்.

அவசரத்துக்கு 108 யாருக்கும் வரும். மருத்துவ ஆலோசனைக்கு 104. மனது சரியில்லை, யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இதை நம் ஹாஸ்டல் நண்பர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

கூடப் போகும்போது சில விஷயங்கள்: அவர் எந்தப் பேரைச் சொல்கிறாரோ அந்தப் பேரில் கூப்பிடுங்கள். எந்த வார்டு வேண்டும் என்று அவரைக் கேளுங்கள். டாக்டர் கேட்கும் கேள்விக்கு அவர் பதில் சொல்லட்டும். நாம் முந்த வேண்டாம். அந்தரங்கப் பரிசோதனை என்றால் நாம் வெளியே நிற்போம். பார்த்ததை டீக்கடையில் கதையாக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று

ஸ்டான்லி ஆஸ்பத்திரியை நம் தாத்தா பாட்டிகள் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். (மேலே நான் சொன்ன ஆஸ்பத்திரி இது அல்ல.) 1782 பஞ்சத்தின்போது பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டித்தான் அங்கே மருத்துவம் வளர்ந்தது. நம் வடசென்னையின் பெரிய ஆஸ்பத்திரியே, பசி என்று வந்தவனுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்தில் முளைத்தது.

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறி ஜனங்கள் ஓடியது நமக்கு ஞாபகம் இருக்கும். புகையும் விஷவாயுவும் நம்மில் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வைத்தியம் மட்டும் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்?

நாம் டாக்டர் ஆகப் போவதில்லை. சட்டம் எழுதப் போவதும் இல்லை. ஆனால் நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படித்தவர்கள். வள்ளுவர் சொன்ன நாலில் ஒன்று மட்டும் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அது பக்கத்தில் நிற்பது. நம் தெருவில் யாராவது வரிசையிலிருந்து திரும்பி வந்தால், அடுத்த நாள் அவரோடு போய் நிற்போம். பேனா எடுத்துக்கொண்டு போவோம்.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறார். கடையில் கூட்டம் அதிகம். போன மாதம் சுகர் டெஸ்ட்டுக்குத் தானாகவே கிளம்பினார். “நீ வர்றியா தம்பி?” என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு பிராக்டிகல். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கூடப் போனார். பெண்கள் வரிசையில் இருவரும் ஒன்றாக நின்றார்களாம். சீட்டு வாங்கினார்களாம்.